ஏழு நாட்டரும் ஒரு கையெழுத்தும்

தொண்ணூற்றியொன்றாம் வருஷம் நடந்தது இது. மில் வேலை பார்த்தவர்களிடம் சொன்னால் உடனே நம்புவார்கள். மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் போகிற ரோட்டில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. அதை ஒட்டி ஒரு மரப்பெட்டிக் கடை. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். அதில் அசன் முகம்மது வாட்ச் ரிப்பேர் பார்த்தான். நானும் அவனும் மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் சம்சாரம் நசீமா, ராஜபாளையம் போகிற வழியில் ஒரு நூல் மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்தாள். ஆறு வருஷமாகத் தற்காலிகம். தை மாசம் நிரந்தரம் ஆக்குகிற பட்டியல் வரப்போகிறது, அதில் பேர் இருக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. மகள் நூர்பானு ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மில்லுக்குள் நடந்ததை நசீமாவும், அவளோடு வேலை பார்த்த வெள்ளைத்தாயும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடையில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வைண்டிங் என்றால், சின்னக் கட்டைகளில் சுற்றி வருகிற நூலைப் பெரிய கோனில் ஏற்றுகிற வேலை. நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இரண்டு நுனியையும் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். வெறும் விரலால் போட்டால் முடிச்சு தடித்துவிடும். அது தறியில் போய் மாட்டும். துணிக்காரன் கோனைத் திருப்பி அனுப்பிவிடுவான். அதற்காகக் கம்பெனி கொடுக்கிற சாமான்தான் நாட்டர். இடது உள்ளங்கையில் வாரைப் போட்டுக் கட்டிக்கொள்வது. கிளி மூக்கு மாதிரி ஒரு வளைவு, உள்ளே குட்டியாக ஒரு கத்தி, ஒரு ஸ்பிரிங். நுனிகளை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. முடிச்சு விழும், மிச்ச நூல் அறுபடும். ஒரு ஷிப்ட்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அமுக்குவாள் நசீமா. வலது கட்டைவிரலைவிட இடது கட்டைவிரல் அவளுக்குப் பருத்திருக்கும். டீ கிளாஸை வாங்கும்போது பார்த்திருக்கிறேன்.

வைண்டிங் வாசலில் டைப் அடித்து ஒட்டியிருந்த காகிதம் இப்படிச் சொன்னது: ‘தொழிலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட நாட்டர் தொலைந்தாலும் பழுதானாலும் அதன் முழு விலையும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்.’ விலை அறுநூற்று நாற்பது ரூபாய். நசீமாவின் ஒரு மாசச் சம்பளம் அந்த அளவுக்கு வராது. யாரால் பழுதானது, எத்தனை வருஷம் உழைத்துத் தேய்ந்தது என்றெல்லாம் அந்தக் காகிதத்துக்கு அக்கறை இல்லை. மில்லில் ஒரு மெஷின் தேய்ந்தால் அது மெஷினின் ஆயுசு. வேலைக்காரி கையில் இருக்கிற நாட்டர் தேய்ந்தால் மட்டும் அது வேலைக்காரியின் குற்றம்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு முதலாளி குடும்பத்தோடு வருகிறார் என்று மில்லே அமளிப்பட்டது. வைண்டிங் மேஸ்திரி பால்சாமி. கெட்டவர் இல்லை, பயந்த மனுசன். மற்ற வருஷம் மெஷினுக்குப் பொட்டு வைப்பார், நாட்டர் வாரில் விரல் நுனியால் ஒரு தீற்று தீற்றுவார். இந்த வருஷம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். பால்சாமி அம்மி நிறையச் சந்தனம் அரைத்துக்கொண்டு வந்து, ஷிப்ட்டில் இருந்த ஏழு பெண்களிடமும் நாட்டரைக் கழற்றி வாங்கினார்.

“அண்ணாச்சி, நேத்துதான் எண்ணெ போட்டுத் தொடச்சேன். பாத்து வைங்க” என்றாள் நசீமா.

“சாமிக்குப் போறது தாயி. சாமி பாத்துக்கிடும்.”

ஒரு மேஜையில் வாழையிலை விரித்து, ஏழு நாட்டரையும் வரிசையாக அடுக்கி, மேலே சந்தனத்தை அப்பு அப்பு என்று அப்பி, குங்குமமும் வைத்தார். முதலாளி வந்தார், கும்பிட்டார், போனார். பொரிகடலையும் பழமும் போட்ட பை ஆளுக்கு ஒன்று. நசீமாவும், சர்ச்சுக்குப் போகிற ஜெயக்கொடியும் குங்குமம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொரிப் பையை வாங்கிக்கொள்வார்கள். அதை அங்கே யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. அன்றைக்கும் மறுநாள் விஜயதசமிக்கும் மில் நின்றது. ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். தகரக் கூரைக்குக் கீழே அந்த மேஜை இரண்டு நாள் வெந்தது.

மூன்றாம் நாள் காலை ஷிப்ட் ஏறினால், ஏழு நாட்டரில் ஒன்றுகூட அமுங்கவில்லை. மேலே இருந்த சந்தனத்தை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அமுக்கினால் கல்.

“என்னட்டி இது, பக்கவாதம் வந்தாப்புல கெடக்கு?” என்றாள் வெள்ளைத்தாய்.

கோனைச் சுற்றுகிற டிரம் ஓடுகிறது, நூல் அறுகிறது, ஏழு பேரும் விரலால் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். பஞ்சுத் தூசியில் கண் எரிகிறது, நுனி விரலில் நூல் அறுக்கிறது. மதியத்துக்குள் பாதிக் கோன் கழிவுக்குப் போனது. மேனேஜர் வந்து நின்றார்.

“ஏழு பீஸும் ஒரே நாள்ல பழுதா? என்ன செஞ்சீங்க?”

“நாங்க என்னத்த சார் செஞ்சோம்? பூசைக்குக் குடுத்தோம். வாங்குனா இப்பிடி இருக்கு” என்றாள் வெள்ளைத்தாய்.

மேனேஜர் பால்சாமியைப் பார்த்தார். பால்சாமி கூரையைப் பார்த்தார்.

“பூசையில எப்படிம்மா கெடும்? தண்ணியில போட்டுக் கழுவியிருப்பீங்க. துரு ஏறியிருக்கும்.” மேனேஜர் அதோடு பேச்சை முடித்தார். நாளைக்குப் பிடித்தத்துக்கான காகிதம் வரும், கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் நசீமா ஒரு தப்புச் செய்தாள். வாட்ச்காரன் பெண்டாட்டி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சின்னச் சாமான் சிக்கிக்கொண்டால் அதைத் திறந்து பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதே என்று அவளுக்குப் புத்தி போனது. சாயங்காலம் தன் நாட்டரைத் தூக்குச்சட்டியின் அடித்தட்டில் போட்டு மூடிக் கொண்டுவந்துவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். அசன் முகம்மது கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு யாருடைய வாட்சையோ குடைந்துகொண்டிருந்தான்.

“ஏங்க, இதச் செத்த நேரம் பாருங்க.”

அவன் வாங்கி, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தான். பொடி ஸ்குரூ டிரைவரால் பக்கத் தகட்டைக் கழற்றினான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

“மாப்ள, இங்க வாரும்.”

நான் போனேன். லென்ஸை என்னிடம் கொடுத்தான். ஸ்பிரிங் சுருளுக்குள்ளே, கத்திக்கும் மூக்குக்கும் நடுவிலே, மஞ்சளாக ஒன்று காய்ந்து கெட்டித்துப் போயிருந்தது. அதில் சிவப்புக் கோடு. பஞ்சுத் தூசியும் சேர்ந்து சிமென்ட் மாதிரி. ஊசியால் நெம்பியெடுத்து மூக்குக்கு நேராக நீட்டினான். இரண்டு நாள் கழிந்தும் மணம் போகவில்லை. நல்ல சந்தனம்.

“கழுவுனதாலயாம்லா” என்றாள் நசீமா. அவள் சிரிக்கவில்லை.

ஊசியும் பிரஷ்ஷும் போட்டு அரைமணி நேரம் சுரண்டினான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். அமுக்கினான். டக். தன் சட்டைப் பொத்தானில் தொங்கிய நூலை வைத்து ஒரு முடிச்சும் போட்டுக் காட்டினான்.

“நாளைக்கு மத்த ஆறையும் கொண்டா. ஒரே நாள்ல முடிச்சுருவேன்” என்றான். நசீமா முகம் சலவைக்குப் போய் வந்த துணி மாதிரி பளிச்சென்று ஆனது. அன்றைக்கு வீட்டில் நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

மறுநாள் காலை ஆறு பேர் விரலால் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நசீமா டிரம்மில் மட்டும் டக், டக் என்று சத்தம். பால்சாமி ஓடிவந்தார்.

“எப்பிடி தாயி ஓடுது?”

“எங்க வீட்டுக்காரர் சரி பண்ணிட்டாரு அண்ணாச்சி. மத்ததையும் குடுங்க, ஒரே நாள்ல ஆயிரும்.” பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். “அடி கூறுகெட்டவளே, அதச் சத்தம் போட்டா சொல்லுவ?”

பத்து நிமிஷத்தில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனிச் சாமான் கேட்டைத் தாண்டியது எப்படி? வாட்ச்மேனிடம் சொன்னாயா? இல்லை. பாஸ் வாங்கினாயா? இல்லை. அப்படியானால் அதற்குப் பெயர் என்ன?

“திருடுனவ திரும்பக் கொண்டாருவாளா சார்? அதும் சரி பண்ணி?”

“தகுதி இல்லாத ஆள் கம்பெனிப் பொருளைத் திறந்ததே டேமேஜ்தாம்மா.”

“ஓடுதே சார். இந்த டிபார்ட்மென்ட்ல ஓடுறதே அது ஒண்ணுதானே.”

“ரூல்னா ரூல்.”

“உள்ளுக்குள்ள சந்தனம் சார். கட்டியா இருந்துச்சு.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “அதை எங்க பார்த்தே? வெளியே கொண்டுபோய்ப் பார்த்தது. அதை நான் எப்படி எடுத்துக்கறது? பூசையைக் குறை சொல்றேன்னு நாலு பேர் காதுல விழுந்தா, நீ யோசிச்சுக்கோ.”

இந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். பூசையை அவளா குறை சொன்னாள்? அம்மியில் அரைத்ததை மெஷினுக்குள் அப்பியதைச் சொன்னாள். அவள் நசீமா என்பதால் அந்தப் பேச்சு அங்கே போனது. வெள்ளைத்தாய் சொல்லியிருந்தால் போயிருக்குமா?

அவள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். வீட்டுக்கு வந்து நூர்பானுவை வாசிக்கச் சொன்னாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“‘என்னிடம் ஒப்படைக்கப்பட்ட நாட்டர் என்னுடைய கவனக்குறைவால் பழுதானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் விலையை மாதம் நாற்பது ரூபாய் வீதம் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்ற குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.’ இந்தக் கடைசி வரி பேனாவுல எழுதியிருக்கும்மா. மத்தது டைப்பு.”

“அது எனக்குன்னு எழுதுனது” என்றாள் நசீமா.

அசன் முகம்மது தலையைத் தொங்கப்போட்டிருந்தான். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த நசீமாவின் கை நிற்கவே இல்லை.

“போட்டுருட்டி. பதினாறு மாசந்தான. நான் சரிக்கட்டிருதேன்” என்றான்.

“துட்டுக்கா சொல்லுதேன்? இதுல கையெழுத்துப் போட்டா தைமாசப் பட்டியல்ல எம்பேரு இருக்குமா? கவனக்குறைவு, களவு, ரெண்டையும் எழுதிக் குடுத்தவள நிரந்தரம் ஆக்குவானா? ஆறு வருசம் எதுக்கு நின்னேன்?”

“போடலைன்னா வேலையே இல்லைங்கான்.”

“நெசத்தப் பாத்தது ஒங்க கண்ணு. பொய்க்குப் போடணும்ங்கது என் கையி. நல்லாருக்கே.”

“நாந்தான் தொறந்துருக்கக் கூடாது” என்றான் அவன்.

“தொறக்காட்டி மட்டும் விட்டுருவானா? மத்த ஆறு பேரும் தொறந்தாளுகளா? அவளுகளுக்கும் பிடித்தந்தான்.” கீரைக் காம்பை வெடுக்கென்று ஒடித்தாள். “அத்தாட்சி கையில இருக்கு. காட்டுனா நான் கள்ளி. காட்டலைன்னா நான் கவனக்கொறவு. எப்பிடிக் கட்டி வச்சிருக்கான் பாருங்க சட்டத்த.”

மற்ற ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெயக்கொடி அழுதுகொண்டே போட்டாளாம். யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவரவர் அடுப்பு அவரவருக்கு. வெள்ளைத்தாய்கூடப் போட்டாள். போட்டுவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தாள்.

நசீமா போடவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே வா என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லாவிட்டால் அவள் வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பாள். காலையில் வரும்போதே வெள்ளைத்தாய்தான் பஸ்ஸில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“வீட்டுல இருந்துராத. அவளா வரலைன்னு எழுதிருவாக. தெனமும் ஏழு மணிக்கு வந்து கேட்டுல நில்லு. வாட்ச்மேன் பாக்கணும், போறவ வாறவ எல்லாம் பாக்கணும். சோத்துச் சட்டியோட நில்லு, அப்பத்தான் வேலைக்கு வந்தவன்னு தெரியும்.”

அப்படியே நின்றாள். தினமும் விடியுமுன்னே சோறு பொங்கி, பருப்புத் துவையல் அரைத்து, தூக்குச்சட்டியோடு பஸ் ஏறுவாள். கேட்டுக்கு எதிரே வேப்பமரம். சங்கு ஊதுகிறவரைக்கும் கேட்டுப் பக்கத்தில், அப்புறம் மரத்தடியில். மதியம் அங்கேயே சட்டியைத் திறந்து சாப்பிடுவாள். மலையிலிருந்து மேகம் இறங்கி மழையும் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் நனைந்துகொண்டு நின்றாள். வாட்ச்மேன் சாக்கைக் கொடுத்திருக்கிறான். மேனேஜர் கார் போகும்போது சாக்கைக் கீழே போட்டுவிட்டு நேராக நின்றாளாம்.

எட்டு நாள். எட்டு நாளும் ஒரு பைசா கிடையாது.

ஒன்பதாம் நாள் காலை, பத்து மணி இருக்கும், ஒரு டிவிஎஸ் பிஃப்டி வந்து அசன் முகம்மது கடை முன்னால் நின்றது. பால்சாமி. கையில் மஞ்சள் பை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பையைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். உள்ளே கலகலவென்று சத்தம்.

“மாப்ள” என்றான் அசன் முகம்மது என்னைப் பார்த்து. நான் பஞ்சரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஆறு நாட்டர்.

“கோயம்புத்தூர்ல கேட்டோம். புதுசு வர ஒரு மாசம் ஆகுமாம். ஆர்டர் நிக்கி. ஒங்க வீட்டுக்காரியோடதுதான் ஓடுது, அது பூட்டுல கெடக்கு. மேனேஜர்தான் அனுப்புனாரு. சாயங்காலத்துக்குள்ள ஆகுமா தம்பி?” என்றார் பால்சாமி. “கேட் பாஸெல்லாம் இருக்கு.”

அவர் சட்டைப்பையிலிருந்து பாஸை எடுத்துக் காட்டினார். கம்பெனி சீல் போட்ட பாஸ். ‘ரிப்பேருக்காக ஆறு நாட்டர்.’ எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு நாட்டரைத் திறந்ததற்கு அவன் பெண்டாட்டி மழையில் நிற்கிறாள். ஆறு நாட்டரைத் திறக்க அதே தகுதியில்லாத ஆளிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“வே, ஒமக்கு வெக்கமா இல்ல?” என்று கேட்டேவிட்டேன்.

“இரும் மாப்ள” என்றான் அசன் முகம்மது. குரலை உயர்த்தவே இல்லை. டிராயரைத் திறந்து சிட்டைப் புத்தகத்தை எடுத்தான், கார்பனைச் செருகினான்.

இதைச் சொல்ல வேண்டும். அவன் கடையில் எந்த வாட்சானாலும் சிட்டை உண்டு. சாமான், பழுது, காரணம், கொண்டுவந்தவர் கையெழுத்து. தண்ணீரில் விழுந்த வாட்சைக் கொண்டுவந்து, நீதான் கெடுத்தாய் என்று பின்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அதற்காக, வந்த ஆள் முன்னாலேயே திறந்து, காட்டி, காரணத்தை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடுவான். ஒரிஜினல் கொண்டுவந்தவருக்கு, கார்பன் அவனுக்கு. டெபுடி தாசில்தார் வாட்சுக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

முதல் நாட்டரைத் திறந்தான். லென்ஸைக் கழற்றி பால்சாமியிடம் நீட்டினான்.

“பாருங்க அண்ணாச்சி.”

பால்சாமி கண்ணில் லென்ஸ் நிற்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிரும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

“என்ன தெரியுது?”

“சந்தனம்.”

“யாரு அரைச்சது?”

“நாந்தான். எடுப்பா இருக்கணும்னு சொன்னாக.”

ஆறையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். ஆறிலும் மஞ்சள். எழுதினான்: ‘நாட்டர் ஆறு. பழுது: அமுங்கவில்லை. காரணம்: உள்ளே சந்தனம் காய்ந்து இறுகியது. துரு இல்லை.’ புத்தகத்தைத் திருப்பி வைத்தான். “கையெழுத்துப் போடுங்க.”

“எதுக்கு தம்பி காரணமெல்லாம்? சரி பண்ணிக் குடுத்தாப் போதாதா?”

“காரணம் எழுதாம எங்கடையில ஒரு கடிகாரத்தக்கூடத் தொட்டதில்ல அண்ணாச்சி. வேணும்னா மாப்ளகிட்ட கேளுங்க.”

“ஆமாவே” என்றேன். “எங்கிட்டயே வாங்குனான்.”

“நான் இதுல கையெழுத்துப் போட்டா எஞ்சோலி முடிஞ்சுது.”

“அவ அதுல கையெழுத்துப் போட்டா அவ சோலி முடிஞ்சுது” என்றான் அசன் முகம்மது. “ரெண்டு கையெழுத்து இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு பொய்யி. எதப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க.”

டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்சாமி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். “ஒரு டீ சொல்லுங்கப்பா” என்றார். டீ வந்தது. அதைக் கீழே வைக்காமல் கடைசிவரைக்கும் குடித்தார். அப்புறம், “பேனாவக் குடு” என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆறு நாட்டரும் டக், டக் என்று ஓடின. ரிப்பேர் கூலி எவ்வளவு என்று கேட்டார். மில்லிடம் வாங்கிக்கொள்கிறேன், நாளைக்கு என் வீட்டுக்காரி வருவாள் என்றான் அசன் முகம்மது.

மறுநாள் காலை நசீமா மரத்தடியில் நிற்கவில்லை. நேராகப் போய் வாட்ச்மேனிடம், “மேனேஜருக்குக் காகிதம் கொண்டாந்துருக்கேன்” என்றாள். வெள்ளைத்தாயும் பின்னாலேயே போய் அறை வாசலில் நின்றுகொண்டாள். போ போ என்று சொல்லியும் போகவில்லை.

கார்பன் சிட்டையை மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

“இது என்ன?”

“எங்க வீட்டுக்காரர் கடைச் சிட்டை சார். நான் ஒண்ணும் வெளிய கொண்டுபோகல. ஒங்க சாமான், ஒங்க பாஸு, ஒங்க மேஸ்திரி கையெழுத்து. தொறக்குறதுக்குத் தகுதி இல்லாத ஆளுன்னா நீங்க அனுப்பிருக்க மாட்டீக.”

வாசலில் வெள்ளைத்தாய் தும்மினாள். தும்மல் இல்லை அது.

மேனேஜர் வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து கிளார்க்கைக் கூப்பிட்டார். புதிதாக ஒரு காகிதம் டைப் அடித்து வந்தது. “எல்லாம் முடிஞ்சுதும்மா. பிடித்தம் இல்லை. இதுல கையெழுத்துப் போட்டுட்டு மெஷினுக்குப் போ.”

நசீமா நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. ‘தொழிலாளியின் குடும்ப நிலைமையைக் கருதி நிர்வாகம் இரக்கம் கொண்டு, அவரது தவறை மன்னித்து, பிடித்தத் தொகையைத் தள்ளுபடி செய்கிறது.’

“நான் இரக்கம் கேட்டு வரலையே சார்.”

“பணம் பிடிக்கலைன்னு எழுதியாச்சு. இன்னும் என்னம்மா வேணும்?”

“மன்னிச்சோம்னு எழுதுனா தப்பு எம்பேருல நிக்கும். காரணம் என்னவோ அத எழுதுங்க. சந்தனம்னு எழுதுங்க. இந்தா, போடுதேன் கையெழுத்து.” அந்தப் பருத்த இடது கட்டைவிரலால் காகிதத்தை அமுக்கிக்கொண்டு, வலது கையில் பேனாவோடு நின்றாள்.

மேனேஜர் எழுதவில்லை. எழுதினால் முதலாளி கும்பிட்ட பூசை கோப்பில் ஏறிவிடும். கடைசியில், “போ. போய் வேலையைப் பாரு” என்றார். பேனாவை மூடி, கையெழுத்தில்லாத காகிதத்தின் மேல் வைத்துவிட்டு அவள் போனாள்.

தை மாசப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பதினான்காவது.

நல்லபடியாக முடிந்ததே என்று சொல்லாதீர்கள். கேட்டில் நின்ற ஒன்பது நாள் கூலி போனது போனதுதான். ஆறு பெண்களுக்கும் மறு மாசத்திலிருந்து பிடித்தம் நின்றது. பிடித்த முதல் நாற்பது ரூபாயைத் திருப்பித் தரவில்லை. நிஜத்துக்குக் கையெழுத்துப் போட்ட பால்சாமியைக் கழிவுப் பஞ்சுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஆறு நாட்டரின் ரிப்பேர் கூலியும் வரவில்லை. அசன் முகம்மது இரண்டு தடவை பில் அனுப்பினான். வாசலில் ஒட்டிய காகிதம் மட்டும் ஓரம் மடங்காமல் அப்படியே இருந்தது.

அடுத்த வருஷம் ஆயுத பூசை. புது மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மெஷினுக்கு, மேஜைக் காலுக்கு, கதவு நிலைக்கு எல்லாம் பொட்டு வைத்தார். நாட்டர்களை இலையில் வைத்து வெறும் பூவை மட்டும் தூவினார்.

“என்ன அண்ணாச்சி, நாட்டருக்குச் சந்தனம் இல்லையா?” என்று கேட்டிருக்கிறாள் வெள்ளைத்தாய்.

“வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு.”

“ஏனாம்?”

“தெரியலம்மா. புது உத்தரவு.”

வெள்ளைத்தாய் கிண்ணத்தில் கையை விட்டு ஒரு கை சந்தனத்தை அள்ளினாள். வாசலுக்குப் போனாள். டைப் அடித்த அந்தக் காகிதத்தில், ‘பழுதானாலும்’ என்று இருந்த வரியின் மேல் கனமாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை அப்பினாள்.

“ஏம்மா, ஏம்மா, என்ன செய்யுத!”

“நாட்டருக்குத்தான வேண்டாம்னாரு? இதுக்கு வேண்டாம்னு சொல்லலியே. சாமிக்கு உள்ளது அண்ணாச்சி, தொடைக்கப் படாது.”

யாரும் துடைக்கவில்லை. நசீமா பொரிப் பையைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தாளாம். இரண்டு நாள் லீவு கழிந்து ஷிப்ட் ஏறும்போது பார்த்தால், அது நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. கீழே இருந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.